மலூசியின் இடத்தில் இருந்தவன்

நோமகாயாவின் இரண்டு கன்னங்களிலும் சின்ன வயதில் கீறிய கோடுகள் உண்டு. எங்கள் பாக்கா ஜனத்து வீடுகளில் அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்கெல்லாம் அப்படிக் கீறியிருப்பார்கள், எனக்கும் இருக்கின்றன. எங்களைச் சுற்றியிருக்கும் கோசாக்காரர்கள் அந்தக் கோடுகளைப் பார்த்து ஒரு முறை சிரிப்பார்கள். நாங்கள் வாயைத் திறந்ததும் இன்னொரு முறை சிரிப்பார்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பாடம் கோசா, தேவாலயத்துப் பைபிள் கோசா, வானொலி கோசா. மாடுகளை உண்ணி மருந்தில் முக்கி எடுக்கும் தொட்டியில் நான் கணக்கு எழுதியவன். என் கையில் வந்த ஒரு காகிதம்கூட எங்கள் பேச்சில் இருந்ததில்லை. எங்கள் பேச்சு வீட்டுக்கு, தொழுவத்துக்கு, சண்டைக்கு. அப்புறம், இறந்தவர்களுக்கு.

நோமகாயா நான்காம் வகுப்போடு நின்றுவிட்டாள். தெற்கிலிருந்து வந்த ஆசிரியை, வகுப்பில் பாக்கா பேசியதற்காக அவளை வெயிலில் முட்டி போட வைத்தார். எழுந்தவள் நேரே வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பின் பள்ளிக்கூடத்து வேலியைத் தாண்டவில்லை. ஆனால் அந்த வெயில் அவளை விட்டுப் போகவில்லை. சட்டை போட்ட உத்தியோகக்காரர் யாராவது கோசாவில் கேள்வி கேட்டால், ஊரையே வாயால் உரிக்கிற அந்தப் பெண் இரண்டு சொல்லில் முடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பாள். இதை நான் தொட்டியடியில் பலமுறை பார்த்திருக்கிறேன். கால்நடை டாக்டர் வந்தால் அவள் தன் மாட்டின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டாள்.

கல்யாணமாகிப் போனாள். புருஷன் செத்ததும் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். சுவருக்குச் சாணமும் மண்ணும் பூசும் வேலை அவளுக்கு. சுற்றுவட்டாரத்தில் அவள் கைபடாத வீடு குறைவு. பெற்றோர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது அண்ணன் மலூசி ஒருவன்தான். அவனும் இளவயதிலேயே ஃப்ரீ ஸ்டேட் பக்கம் தங்கச் சுரங்கத்துக்குப் போனவன். முதலில் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வந்தான். பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. அப்புறம் போர்வையும் சர்க்கரையும் மட்டும் யார் கையிலாவது வரும். அங்கே புலெங் என்ற சோத்தோ பெண்ணோடு இருக்கிறான், பிள்ளைகள் இல்லை என்று கேள்விப்பட்டோம். கடைசியாக வந்தபோது எங்களோடு பேசுகையில் நடுநடுவே நின்று சொல் தேடினான். அவன் போன பிறகு நோமகாயா, "ஊமையா வந்துட்டுப் போறான்" என்றாள்.

எண்பத்தொன்பதில் சுரங்கத்துக்குள் பாறை சரிந்தது. உள்ளே இருந்த ஆட்களை எடுக்க முடியாது என்று அந்தச் சுரங்கவழியையே அடைத்துவிட்டார்கள். உடல் இல்லை. உடல் இல்லாதபோது எங்களுக்கு இருப்பது இலந்தைக் கிளை மட்டும்தான். செத்த இடத்துக்குப் போய், கிளையை நீட்டி, குலப் பெயர்களை முழுக்கச் சொல்லி அழைத்தால் இறந்தவர் அதில் ஏறிக்கொள்வார். பிறகு வீடு வரும்வரை கிளையைப் பிடித்தவர் வேறு யாரோடும் பேசக்கூடாது. இறந்தவரிடம் மட்டும் பேசவேண்டும். வண்டி மாறினால் சொல்ல வேண்டும், ஆறு தாண்டினால் சொல்ல வேண்டும். அவருக்கும் ஒரு இருக்கை எடுக்க வேண்டும். வீட்டுக்கு வராதவர் வெளியிலேயே கிடப்பார். அவருக்குப் பின்னால் அந்த வீட்டில் எதுவும் நிலைக்காது. இதில் எங்களுக்குள் இரண்டு கருத்து கிடையாது, தேவாலயத்துப் பெரியவர்கள் உட்பட.

திரும்பும் வழியில் தனக்குப் பதிலாகப் பேசுவதற்குச் சித்தப்பா மகன் போனகேலேயைக் கூட்டிக்கொண்டு நோமகாயா போனாள். நடந்ததை இருவருமே தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடங்களை மட்டுமே எழுதுகிறேன்.

சுரங்க வாசலில் கம்பி வேலியோரம் அவர்களை நிறுத்தினார்கள். கழுத்துப்பட்டை கட்டிய அதிகாரி ஒருவர் கோசாவில் ஆறுதல் சொன்னார். புலெங்கும் வந்து ஒதுங்கி நின்றாள். அரைகுறைக் கோசாவில் அவள் நோமகாயாவிடம் சொன்னாள்: "அக்கா, நீங்க உங்க பாஷைல கூப்பிட்டா அவருக்குக் கேக்குமான்னு தெரியல. என்கிட்ட ஒரு நாளும் அதுல பேசினதில்ல. தூக்கத்துல பேசினாக்கூட சோத்தோதான்."

நோமகாயாவுக்குச் சுருக்கென்றது. "எங்க அண்ணனுக்கு எந்தப் பாஷை கேக்கும்னு நீ சொல்றியா?" என்றாள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நோமகாயா கிளையை நீட்டினாள். குலப் பெயர்களைத் தொடங்க வேண்டிய இடம் அது. அவர்களுடைய வூஷே குலத்தின் பெயர்கள் நிதானமாகச் சொன்னால் ஒரு பாட்டு நீளம் வரும். அதிகாரி தன் வாயையே பார்ப்பதைப் பார்த்தாள். தரையைப் பார்த்து, தாழ்ந்த குரலில், அவசரமாக இவ்வளவுதான் சொன்னாள்: "வா, நம்ம வீட்டுப் பிள்ளயே. கெளம்பு. வீட்டுக்குப் போவோம்."

சொன்னது பாக்காவில். பெயர் சொல்லவில்லை, குலம் சொல்லவில்லை.

கிளை கனத்தது. மணிக்கட்டே தொங்கிப்போகும் அளவுக்குக் கனத்தது என்றாள். போனகேலேயும் அவள் கை இறங்கியதைப் பார்த்திருக்கிறான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் வந்துவிட்டான்.

திரும்பும் பேருந்தில் மூன்று இருக்கைகள். கிளையை ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். வழியில் ஏறிய பருத்த மனிதர் ஒருவர் அந்த இருக்கையைக் காட்டி நடத்துனரிடம் கேட்டார்: "இங்க யாரு?"

"ஆள் இருக்கு."

"எங்க இருக்கு? முள்ளுதான் இருக்கு."

போனகேலே சொன்னான்: "எங்க அண்ணன் ஐயா. காலமாயிட்டாரு. டிக்கெட் எடுத்திருக்கோம்."

"செத்தவனுக்குக் காலு வலிக்குமா தம்பி?"

"உங்களுக்கும் ஒரு நாளு தெரியும்," என்றார் நடத்துனர். "பின்னாடி போங்க. டிக்கெட் எடுத்தவரு சும்மாதான உக்காந்திருக்காரு, உங்கள மாதிரி சத்தமா போடுறாரு?" பேருந்தே சிரித்தது. நோமகாயா மட்டும் வாய் திறக்க முடியாமல் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோக்ஸ்டட்டில் வண்டி மாற வேண்டும். அங்கே ஒரு வரிசை வண்டிகள் எங்கள் பக்கம் வரும். அடுத்த வரிசை உம்சிம்குலு பக்கம் போகும். அந்தப் பக்கத்திலும் பாக்காக்காரர்கள் உண்டு, பாட்டன் காலத்தில் பிரிந்த எங்கள் ஜனம்தான். எங்கள் பேச்சில் கோசா வாடை அடிக்கும், அவர்கள் பேச்சில் சூலு வாடை. ஒருவருக்கொருவர் நன்றாகப் புரியும். ஆனால் ஒருவர் வாயைத் திறந்த உடனே எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடலாம்.

உம்சிம்குலு வண்டிகளைக் கடக்கும்போது கிளையின் முள் அவள் போர்வையில் மாட்டி, அந்த வரிசைப் பக்கமாக இழுத்தது. காற்று என்று நினைத்தாள். முள்ளை விடுவித்துவிட்டு, "அது நம்ம வண்டி இல்ல, இங்க வா" என்றாள். முள் விட்டுவிட்டது.

வீட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. தொழுவ வாசலில், பலிக்கு நிறுத்திய ஆடு அந்தக் கிளையின் இலைகளை ஒன்று விடாமல் தின்றது. வீட்டில் காய்ச்சிய சோளப் பீர் பொங்கி வழிந்தது. நானும் குடித்தேன். மலூசி வந்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னோம்.

சில வாரங்கள் கழித்து அவள் என்னிடம் கேட்டாள்: "கணக்கய்யா, பொறந்த வீட்டுக்கு வந்தவன் கூச்சப்படுவானா?"

"ஏன் கேக்கற?"

"வீட்டுல ஆள் இருக்கு, அது தெரியுது. ஆனா உள்ள வர மாட்டேங்குது. கதவுகிட்டயே நிக்குது, யாராவது உக்காருன்னு சொல்லணும்ங்கற மாதிரி. அடுப்புல சோளமும் பயறும் வெந்து எறக்கினா, நான் தட்டு எடுக்கறவரைக்கும் அது நகர்றதில்ல. மலூசின்னா சட்டியிலயே கை வெப்பானே." வெளியூர் விருந்தாளியைப் பார்த்து எழுந்து வழிவிடுவதைப்போல, கதவருகே நாய் எழுந்து ஒதுங்குகிறது என்றும் சொன்னாள்.

அதற்கடுத்து நடந்ததை நானே பார்த்தேன். வியாழக்கிழமை, மருந்துத் தொட்டி. நோமகாயாவின் செவலைக் காளை தொட்டி வாயில் முரண்டு பிடித்தது. இரண்டு ஆண்கள் வாலை முறுக்கியும் குதிக்கவில்லை. அவள் வேலியில் சாய்ந்தபடி ஒரு கூப்பாடு கொடுத்தாள். அடித்தொண்டையிலிருந்து நீளமாக எழுந்து, முடிவில் சட்டென்று வெட்டும் கூப்பாடு. அது எங்கள் பக்கத்துக் கூப்பாடே இல்லை. காளை காதை விறைத்துக் கேட்டது. பின் சாதுவாகத் தொட்டிக்குள் குதித்தது.

ஊற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போன கெதீவே நின்றுவிட்டாள். அவள் எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தவள், பிறந்தது உம்சிம்குலு. வாளி தலையில் இருந்தது, தண்ணீர் முகத்தில் வழிந்தது.

"மாவூஷே, இத எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள். எங்கள் பக்கம் பெரிய பெண்களைக் குலப்பெயரால்தான் அழைப்போம்.

"எத?"

"இந்தக் கூப்பாட்ட. எங்க அப்பா இப்படித்தான் கூப்பிடுவாரு. எங்க பக்கத்து ஆம்பளைங்க எல்லாரும் இப்படித்தான்."

"நான் எங்க அப்பா கூப்பிடுற மாதிரிதான் கூப்பிட்டேன்."

"இல்ல அத்தை."

"உனக்குக் காதுல தண்ணி போயிருக்கு மருமவளே. நட, நட."

கெதீவே நகரவில்லை. "இன்னொரு தடவ கூப்பிடுங்க, கேப்போம்," என்றாள். நோமகாயா கூப்பிட்டாள். அதே கூப்பாடு வந்தது. தன் வாயிலிருந்து வந்ததை அவளே கேட்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றே போனகேலேயை வரவழைத்தாள். என்னையும் கூப்பிட்டாள்.

"நம்ம வீட்டுப் பிள்ளயேன்னு கூப்பிட்டேன்," என்றாள். "பாக்காவுல கூப்பிட்டேன். அந்தக் குழிக்குள்ள உம்சிம்குலுப் பக்கத்துப் பாக்காப் பிள்ள ஒருத்தனும் இருந்திருக்கான், என் வாயில வர்றது அவன் கூப்பாடு. அவன யாரும் கூப்பிட வரல. கூப்பிட்ட குரலு அவன் வீட்டுப் பேச்சு மாதிரி இருந்துது. ஏறிக்கிட்டான்."

போனகேலே எழுந்து நின்றான். "எந்தத் திருட்டுப் பயலோ. நம்ம பீரக் குடிச்சிருக்கான், நம்ம ஆட்டத் தின்னுருக்கான். சாம்பலத் தூவி வெளிய தொரத்துக்கா. அவன் எடத்த அடச்சுக்கிட்டு இருந்தா மலூசி அண்ணன் எங்க வந்து உக்காருவாரு?"

"டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டு வந்தது யாரு? நீதான எடுத்த?"

"நான் அண்ணனுக்கு எடுத்தேன்."

"கோக்ஸ்டட்டுல அவன் வீட்டு வண்டி பக்கத்துலயே நின்னுது போனகேலே. என் போர்வயப் புடிச்சு இழுத்தான். நான்தான் அது நம்ம வண்டி இல்லன்னு கூட்டியாந்தேன். சொன்ன பேச்சக் கேட்டுக் கூடவே வந்தான்." அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவன் முன்னாடி தொரத்தறதப் பத்திப் பேசாத."

ஆனாலும் அவளுக்கு அண்ணன் வேண்டும். அவன் இன்னும் பாறைக்கு அடியில், கூப்பிட வந்த தங்கை வேறு ஒருவனைக் கூட்டிப்போனதைப் பார்த்தபடி கிடக்கிறான் என்ற நினைப்பு அவளைத் தின்றது. சுவர் பூசப் போன இடங்களில் பாதிச் சுவரோடு கை நின்றுவிடும். மழைக்காலம் முடிந்ததும் புதுக் கிளை வெட்டினாள். போனகேலேயோடு கிளம்பும்போது வாசலில் நின்று, வந்தவன் நிற்கும் கதவோரத்தைப் பார்த்து, "நான் வர்ற வரைக்கும் வீட்டப் பாத்துக்க" என்றாள். போனகேலே என்னைப் பார்த்தான். நான் அவன் பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

இந்த முறை சுரங்க வேலியோரம் அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நின்று குலப் பெயர்களை முழுக்க, உரக்கச் சொன்னாள். மலூசியைப் பெயர் சொல்லி அழைத்தாள். கிளை காய்ந்த குச்சியாகவே இருந்தது. மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை பாதியில் நிறுத்திவிட்டு, இந்த முறையும் வந்து நின்ற புலெங்கிடம் கிளையை நீட்டினாள். "நீ கூப்பிடு. உன் பாஷைல கூப்பிடு. என் கூடப் போகச் சொல்லு."

புலெங் கிளையை வாங்கவில்லை. "அவர் இங்க இல்லக்கா," என்றாள்.

"எங்க?"

"வீட்டுக்கு வாங்க."

தகரக் கூரை போட்ட வீடு. அடுப்புக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, பிரம்பு பின்னிய நாற்காலி ஒன்று இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை.

"பாறை விழுந்த வாரமே நான் போய்க் கூட்டிட்டு வந்துட்டேன்," என்றாள் புலெங். "எங்களுக்குக் கிளையெல்லாம் தெரியாது. வேலியப் புடிச்சுக்கிட்டு, வீட்டுக்கு வாங்கன்னு சொன்னேன். பின்னாலயே வந்தார்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க அவரக் கூட்டிட்டுப் போக வந்தீங்க. எனக்கும் அவர் வேணும்." புலெங் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "கூப்பிட்டுட்டுப் போகட்டும், வெறுங்கிளையத்தான் தூக்கிட்டுப் போவாங்கன்னு நெனச்சேன். உங்க கை எறங்கிச்சு. எனக்கு உசுரே போயிடுச்சு. வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தேன். இருந்தார். அப்பறம்தான் இன்னும் பயமாச்சு. இவங்க யாரக் கூட்டிட்டுப் போறாங்கன்னு."

நோமகாயா நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பாக்காவில் பேசினாள். அம்மா இறந்ததைச் சொன்னாள். செவலைக் காளையைச் சொன்னாள். ஒரே போர்வைக்கு இருவரும் அடித்துக்கொண்ட குளிர்காலத்தைச் சொன்னாள். வீட்டுக்கு வா என்றாள். பதில் சொல்வதுபோல் வீட்டில் எதுவும் அசையவில்லை. வெளியில் யாரோ பிள்ளையைத் திட்டும் சத்தம்தான் கேட்டது.

பிறகு புலெங், சாதாரணமாக, தேநீர் வேண்டுமா என்று கேட்கிற தொனியில், சோத்தோவில் சொன்னாள்: "உங்க தங்கச்சி வந்திருக்காங்க. அங்கயே உக்காந்திருந்தா எப்படி?"

பிரம்பு முனகியது. உட்கார்ந்திருந்தவர் எழும்போது பின்னல் மெல்ல மேலே வருமே, அந்த முனகல். வெயிலுக்கு நாற்காலி அப்படித்தான் முனகும் என்று போனகேலே இன்றுவரை சொல்கிறான். ஆனால் அப்போது அவன்தான் முதலில் வீட்டைவிட்டு வெளியே வந்தவன்.

"நீங்க சோத்தோவுல கூப்பிட்டுப் பாருங்கக்கா," என்றாள் புலெங். "நான் சொல்லித் தர்றேன். வந்தா கூட்டிட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன்."

நோமகாயா நெடுநேரம் யோசித்தாள். அந்தச் சொற்கள் கடினமானவை அல்ல. சோத்தோவில் வீட்டுக்கு வா என்று சொல்ல எவராலும் முடியும். கடைசியில் அவள் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அங்க வந்து யார்கிட்டப் பேசுவான்?" என்றாள். "எங்க வீட்டுல சோத்தோ தெரிஞ்சவங்க யாருமில்ல." கிளையைப் புலெங்கின் வாசலில் சாய்த்துவிட்டு நடந்தாள்.

பேருந்தில் இரண்டு இருக்கைதான் எடுத்தார்கள். கோக்ஸ்டட்டில் உம்சிம்குலு வரிசைக்கு முன்னால் அவள் நின்றாள். ஒவ்வொரு ஓட்டுநராகப் பிடித்து, உங்கள் ஊரில் சுரங்கத்துக்குப் போய் வராதவன் யாராவது உண்டா என்று கேட்டாள். ஒருவர் கேட்டார்: "எந்த வருஷத்துல?" இன்னொருவர் கேட்டார்: "எந்தத் தெருவுல?" மூன்றாமவர், "என் அண்ணன் இருக்கான்" என்றார்.

வீடு வந்ததும் அவள் கைகால்கூடக் கழுவவில்லை. கலயத்தில் பீர் ஊற்றி, வீட்டின் பின்சுவரோரம், இறந்தவர்களுக்கான இடத்தில் வைத்தாள். மலூசிக்கென்று ஒதுக்கியிருந்த இடம் அது. கதவைப் பார்த்து, "இனிமே அங்க நிக்காத" என்றாள். "வந்து உக்காரு."

அதற்குப் பிறகு நாய் எழுந்து ஒதுங்கவில்லை என்று என்னிடம் சொன்னாள்.

கெதீவே பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் விசாரித்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று என்று அவளே சொல்வாள். கேட்ட வீடுகளில் எல்லாம் ஒருவன் திரும்பாமல் இருந்தான். ஒரு தாய் ஆட்டுக்குட்டியோடு எங்கள் ஊருக்கே வந்துவிட்டாள். தன் மகனுடைய பெயரைத் தொழுவ வாசலில் நின்று நாள் முழுக்க அழைத்தாள். நோமகாயா பக்கத்திலேயே நின்றாள். அவளும் மனதுக்குள், போ, போ, உன் அம்மா வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் தாய் ஆட்டுக்குட்டியை எங்களுக்கே விட்டுவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்தவன் பெயர் எதுவென்று யாருக்கும் தெரியாமலே போயிற்று. வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் நோமகாயா, இறந்தவர்கள் கூடும் தொழுவத்தில் போய் அவனிடம் சொல்வாள். பெயர் வர வேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு மேலே பேசுவாள். வயதாக ஆக அவள் பேச்சே மாறியது. கடைசி வருஷங்களில் எங்கள் பக்கத்துச் சொல்லைவிட அந்தப் பக்கத்துச் சொல் அதிகம் வந்தது. சந்தையில் புதிதாகப் பார்ப்பவர்கள், "உம்சிம்குலுவா நீங்க?" என்று கேட்டால், "எங்க வீட்டு ஆள் அந்தப் பக்கம்" என்பாள்.

போன குளிர்காலத்தில் நெஞ்சுச் சளியில் இறந்தாள். அடக்கத்தன்று பாதிரியார் கோசாவில் ஜெபம் சொல்லி முடித்தார். மண்ணும் தள்ளியாயிற்று. வீட்டுக்கு இனி பொறுப்பு போனகேலே. வீட்டுப் பெரியவள் இறந்ததைத் தொழுவத்தில் இருப்பவர்களுக்கு அவன்தான் சொல்ல வேண்டும். குலப் பெயர்களைச் சொல்லி எல்லோருக்கும் அறிவித்தான். முடித்துவிட்டுத் தொப்பியைப் போடாமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தான்.

"கணக்கய்யா, அவன் நம்ம குலமில்லயே," என்றான். "நான் சொன்னது அவனுக்குச் சேராது. யாரு சொல்றது அவனுக்கு?"

சாம்பலைத் தூவச் சொன்னவனே இப்படிக் கேட்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

கெதீவே பெண்கள் கூட்டத்திலிருந்து வந்தாள். மருமகள்கள் தொழுவத்துக்குள் கால் வைப்பதில்லை. அவள் வாசலுக்கு வெளியில், கம்பத்தைத் தொடாமல், துணியால் தோளை மூடிக்கொண்டு நின்றாள். எங்களோடு பேசிப் பேசித் தேய்ந்துபோன தன் பிறந்த வீட்டுப் பேச்சை ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னாள்.

"அண்ணே, உங்களக் கூட்டியாந்தவங்க போயிட்டாங்க. மேல அந்த மண்ணுலதான் வெச்சிருக்கோம். உங்களுக்கு யாரும் சொல்லலன்னு இருக்கக் கூடாது, அதான் சொல்றேன். போகணும்னா நான் கோக்ஸ்டட் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். இருக்கணும்னா இருங்க. நான் இங்க அடுத்த வீட்டுலதான் இருக்கேன்."

நாங்கள் காத்திருந்தோம். உள்ளே மாடுகள் எல்லாம் அசைபோடுவதை நிறுத்திவிட்டு, நோமகாயா அவனிடம் பேச வழக்கமாக நிற்கும் மூலையைப் பார்த்தபடி நின்றன.